ஈகை மேடை ஏறும்போது

ஈகையைப் போற்றாத தமிழ் அறநூல் இல்லை. ‘என்னிடம் இல்லை’ என்னும் துன்பச் சொல் இரப்பவன் வாயினின்று வெளிப்படுமுன்பே அவனுக்கு ஈந்துவிடுதல் உயர்ந்தோர் பண்பு என்று திருக்குறளுக்கு உரை கண்ட சான்றோர் விளக்குவர். வெளிப்படையாகத் தருவதும் நன்றே, ஏழைக்கு மறைவாகத் தருவது அதனினும் நன்று என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் உரைக்கின்றது. சொல்லிக்காட்டியும் மனம் புண்படுத்தியும் தருமத்தைப் பாழாக்கிக்கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கையும் அதே அத்தியாயத்தில் உண்டு. உமறுப்புலவரைப் புரந்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியைச் ‘செத்தும் கொடுத்தான்’ என்று இன்றளவும் ஊர் சொல்கின்றது.

இத்தகைய மரபில் வந்த நாம் இன்று ஈகையை மேடையேற்றி, ஒலிபெருக்கி வைத்து, ஒளிவெள்ளம் பாய்ச்சி நடத்தி வருகின்றோம். நோயுற்ற குழந்தையின் மருத்துவச் செலவுக்காக நடத்தப்பெறும் இன்னிசைக் கச்சேரிகளைத்தான் குறிப்பிடுகின்றேன். இவை நல்லவையா, தீயவையா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட இயலாது. நல்ல நோக்கத்தோடு தொடங்கும் ஒரு செயல் எவ்விடத்தில் வழி தவறுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூர்ப் பகுதியில் ஓர் இரவு அத்தகைய கச்சேரி ஒன்றைக் கேட்க நேர்ந்தது. தெருவை அடைத்துப் பந்தல். பந்தலின் முகப்பில் ஒரு சிறுமியின் படம் ஆளுயரப் பேனராக நின்றது. மெல்லிசைக் குழுவினர் ஊதியம் பெறாமல் வந்திருந்தனர். ஆறேழு பாடல்கள் முடிந்தபின் அச்சிறுமியைத் தாய் மேடைக்குத் தூக்கி வந்தார். விளக்கொளி தாங்காமல் குழந்தை கண்களை மூடிக்கொள்ள, தாய் முந்தானையால் அதன் முகத்தை மறைத்தார். உடனே அறிவிப்பாளர், “அம்மா, மூடாதீங்க, முகத்தைக் காட்டுங்க, ஜனங்க பார்க்கட்டும்” என்றார். தாய் முந்தானையை விலக்கினார். கூட்டத்தினூடே வேட்டி ஒன்றை விரித்து ஏந்தி வந்தனர். என்னருகில் நின்ற துறைமுகச் சுமைத் தொழிலாளி ஒருவர் தாம் தரும் தாள் எத்தனை ரூபாய் என்று பிறர் அறியாவண்ணம் நான்காக மடித்துப் போட்டுவிட்டு, மேடைப் பக்கம் திரும்பாமலே நடந்து போனார்.

இறையருளால் அக்குழந்தை நலம் பெற்றது. பின்னொரு நாள் அதன் தந்தையைக் கண்டு நலம் விசாரித்தேன். “உடம்பு தேறிடுச்சுங்க சார், பள்ளிக்கூடம் போறா. ஆனா அங்க பிள்ளைங்க அவளைப் பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல, பேனர் பொண்ணுன்னுதான் கூப்பிடுதுங்க” என்றார். அவர் குறையாகக் கூறவில்லை, நன்றியோடுதான் பேசினார். எனினும் அச்சொல் என் நெஞ்சை விட்டு இன்றுவரை அகலவில்லை. அன்றிரவு அறம் செய்தவர் இருவர் என் கண்முன் நின்றனர். ஒருவர் குழந்தையின் முகத்தைக் காட்டச் சொன்னார். மற்றொருவர் தம் கையையே மறைத்துக்கொண்டார். இருவருள் எவரை நாம் பின்பற்றப்போகின்றோம் என்பதே வினா.

கஞ்சித்தொட்டி தந்த பாடம்

வடசென்னைக்கு இந்த அறம் புதிதன்று. 1782-ஆம் ஆண்டளவில் பஞ்சத்தால் வாடி வந்தோர்க்குக் கஞ்சி வார்க்க இராயபுரத்தில் ஒரு சத்திரம் எழுந்தது. மணியக்காரர் சத்திரம் என்னும் அதன் பெயர் ஆங்கிலேயர் நாவில் ‘மணேகர் சோல்ட்ரி’ ஆயிற்று. பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த இடத்தில் பிணியுற்றோர்க்கு மருந்தும் தரப்பட்டது. அதன் வழிவந்ததே 1938 முதல் ஸ்டான்லி பெயரைத் தாங்கி நிற்கும் அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும். முதியோர் பலர் அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வழங்கக் கேட்டிருக்கின்றோம். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. நம் தெருமுனையில் கஞ்சித்தொட்டியாக வந்து நின்றது என்றே கூறலாம்.

இராயபுரத்தின் தேவாலயம் படகோட்டும் மக்கள் தம் பொருளால் எழுப்பியது. அதனருகே பார்சி மக்களின் அக்கினிக் கோயில் உள்ளது. பள்ளிவாசல்களும், ஒற்றியூரில் தியாகராசர் கோயிலும், பட்டினத்தார் அடங்கிய இடமும் சில கல் தொலைவுக்குள்ளேயே அமைந்துள்ளன. மீனவரும், சுமை தூக்குவோரும், ஆலைத் தொழிலாளரும், சிறு வணிகரும் நெருங்கி வாழும் இப்பகுதியில் ஒரு வீட்டின் துயரம் அடுத்த வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. எனவேதான் ஒரு குழந்தைக்கு நோய் என்றவுடன் தெருவே கூடுகின்றது, மேடை எழுகின்றது. இந்த நெஞ்சத்தைக் குறை கூறுவோர் அறம் அறியாதோர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். கஞ்சித்தொட்டிக்கு வந்தவன் தட்டேந்தி வரிசையில் நின்றான். அவன் படத்தை எவரும் பந்தலில் கட்டவில்லை. பலர் உண்ணும் இடத்தில் ஒருவன் தனித்துத் தெரிவதில்லை. நிலையான அறச்சாலை, உதவி பெறுவோனை மறைத்துக் காக்கின்றது. ஓரிரவு மேடையோ அவனைத் தனித்து நிறுத்திக் காட்டுகின்றது.

பாட்டு இரத்தல் அன்று

அப்படியாயின் கச்சேரியே வேண்டா என்பதா? அன்று. இசை பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன்; அவ்வாராய்ச்சிக்கு இது இடமன்று. நம்மைச் சுற்றி வாழும் மக்கள் பாட்டினால் கூடுகின்றனர் என்பதும், இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல் சமய எல்லை கடந்து தமிழர் இல்லங்களில் ஒலித்தது என்பதும் கண்கூடு.

உண்மையில், உதவி திரட்டும் வழிகளுள் கச்சேரி கண்ணியமானது. நன்கொடைச் சீட்டோடு வீடு வீடாகச் செல்லும்போது இரப்போர், ஈவோர் என்னும் இரு நிலைகள் தோன்றிவிடுகின்றன. கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு வாங்குபவரோ பாட்டைப் பெற்றுப் பணம் தருகின்றார். பாடுவோர் தம் உழைப்பைத் தருகின்றனர். இங்கே கொடுப்பது அனைவரும். கூனி நிற்பது எவருமில்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கள் 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடினார். அதன்பின் மருத்துவமனை, கல்வி நிலையம், சமயப் பணி எனப் பல அறங்களுக்காக அவர் பாடித் திரட்டித் தந்த பொருள் பெரிது. 1974-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பெற்றபோது அது பொதுத்தொண்டுக்கான விருதாக அமைந்தது என்பது நாம் கருதத்தக்க செய்தி. அவர் பாடக் கேட்க வந்தோர் இசைக்காக வந்தனர், அவ்வருகையே அறமாயிற்று. எந்த நோயாளியின் முகத்தையும் காட்ட வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். எம்.எஸ். அவர்களின் பெயரே மக்களைக் கூட்டும். நம் தெரு மெல்லிசைக் குழுவுக்கு அப்பெயர் ஏது? குழந்தையின் முகத்தைக் கண்டால்தானே மக்கள் மனம் இரங்கும்? இது நேர்மையான வினா. இதற்கு விடை காணாமல் அமைப்பாளர்களைக் குறைகூறிச் செல்வது முறையாகாது.

கணக்கே கண்ணியம்

முகம் ஏன் தேவைப்படுகின்றது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். இரக்கத்தை எழுப்புவதற்காக என்று கூறுகின்றோம். ஆனால் உண்மைக் காரணம் வேறு. ‘இப்படி ஒரு குழந்தை உள்ளதா? நோய் மெய்தானா? பணம் உரிய இடம் சேருமா?’ என்னும் ஐயங்கள் கொடுப்போர் உள்ளத்தில் உள்ளன. அவற்றுக்கு விடையாக மருத்துவச் சான்றும் வரவு செலவுக் கணக்கும் தரப்பட வேண்டும். அவை தரப்படாதபோது குழந்தையே சான்றாக மேடையில் நிறுத்தப்படுகின்றது. பெரியவர்களாகிய நாம் ஈட்டத் தவறிய நம்பிக்கைக்கு ஒரு குழந்தை தன் முகத்தை விலையாகத் தருகின்றது.

எனவே கணக்கு என்பது வெறும் எண்களின் செய்தி அன்று. அது குழந்தையின் மானத்தைக் காக்கும் திரை. எடுத்துக்காட்டாக, ஒரு கச்சேரியில் 1,00,000 ரூபாய் சேர்ந்தது என்று கொள்வோம். பந்தல், ஒலி, ஒளி, மின்னாக்கி, சுவரொட்டி, பொன்னாடை ஆகியவற்றுக்கு 60,000 ரூபாய் ஆகிவிட்டால் குழந்தைக்குச் சேர்வது 40,000 ரூபாயே. முன்னரே அந்த 60,000 ரூபாயையும் மருத்துவமனையில் செலுத்தியிருக்கலாமே என்று கேட்போர்க்கு அமைப்பாளர்கள் விடை கூறக் கடமைப்பட்டவர்கள். கணக்கு வெளியிடப்படாத இடத்தில் இவ்வினாவைக் கேட்பவன் பகைவனாகக் கருதப்படுகின்றான். வெளியிடப்படும் இடத்தில் அவன் நண்பனாகின்றான்.

தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் மொய் விருந்தை நாம் அறிவோம். விருந்துப் பந்தலில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் அமர்ந்திருப்பார். யார், எந்த ஊர், எவ்வளவு என்று ஒரு ரூபாயும் விடாமல் எழுதப்படும். கடனாகத் திரும்பத் தரவேண்டிய பணத்துக்கு இத்துணைக் கவனம் செலுத்தும் தமிழன், திரும்பத் தரவேண்டாத அறப்பணத்தை வேட்டியில் ஏந்திச் செல்வது விந்தையன்றோ?

உலகப் புகழ்பெற்ற கச்சேரியொன்றும் இவ்விடத்தில் தவறியது. பண்டிதர் ரவிசங்கர் வேண்ட, ஜார்ஜ் ஹாரிசன் முன்னின்று 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் வங்கதேச மக்களுக்காக இசை நிகழ்ச்சி நடத்தினர். நுழைவுச்சீட்டு வருவாயாக ஏறத்தாழ 2,43,000 டாலர் ஐ.நா. குழந்தைகள் நிதியத்துக்குச் சென்றது. ஆனால் இசைத்தட்டாலும் திரைப்படத்தாலும் வந்த பெரும்பொருள் வரிச் சிக்கலில் அகப்பட்டுப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. வரிவிலக்குக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாமையே அதற்குக் காரணம். அவர்கள் நோக்கத்தில் மாசில்லை. முன்னேற்பாட்டில் குறை இருந்தது. பசித்த குழந்தைக்கு அவ்விரண்டும் ஒன்றே.

மறுபுறம் ஒரு நல்ல காட்சியும் உண்டு. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் மாட்டூல் என்னும் ஊரில் அரிய தசைநோய்க்கு ஆளான குழந்தை ஒன்றுக்கு 18 கோடி ரூபாய் மதிப்புள்ள மருந்து தேவைப்பட்டது. 2021-இல் ஊர் மக்கள் குழு அமைத்து வேண்டுகோள் விடுத்தனர். சில நாள்களிலேயே தேவையான தொகை சேர்ந்துவிட்டது. இனிப் பணம் அனுப்ப வேண்டா என்று குழுவினர் அறிவித்தனர். வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த தொகை 46 கோடி ரூபாயைக் கடந்துவிட்டதை ஊரறியச் சொல்லி, எஞ்சியதை அதே நோயால் வாடும் பிற குழந்தைகளுக்குப் பயன்படுத்த முடிவு செய்தனர். ‘போதும்’ என்று சொல்லும் துணிவும், மிகுந்ததைச் சொல்லும் நேர்மையும் அறத்தின் இரு கண்கள். அதே 2021-இல் கேரள உயர்நீதிமன்றம், இவ்வாறு மக்களிடம் நிதி திரட்டுவதை அரசு கண்காணித்தல் வேண்டும் என்று கருத்துத் தெரிவித்ததையும் நாம் மறத்தலாகாது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதால் கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் முழங்க வேண்டும் என்பதில்லை. பெயர் விரும்பாதோர்க்கும் பற்றுச்சீட்டு எண் உண்டு. தொகை வெளியே, கொடுத்த கை உள்ளே. அல்பகரா அத்தியாயம் காட்டும் இரு வழிகளும் இங்கு ஒன்றுசேர்கின்றன.

உரிமை முன், உதவி பின்

மேடை கட்டுவதற்குமுன் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. தமிழகத்தில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறும் ஏற்பாட்டின்கீழ், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. ஆண்டு வருமான வரம்பும் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. ஸ்டான்லி மருத்துவமனையும் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் நமக்குத் தொலைவில் இல்லை. அரிய நோய்களுக்கு ஒன்றிய அரசின் கொள்கைப்படி 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற இயலும். முதலமைச்சரின் பொது நிவாரண நிதியும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் ஒரு தந்தை ஏன் முதலில் கச்சேரிக் குழுவைத் தேடிச் செல்கின்றார்? வருமானச் சான்று எங்கே பெறுவது, எந்த அலுவலகத்தில் பதிவது, எந்தத் தாளில் மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்பன அவருக்குத் தெரிவதில்லை. ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய அடுப்பு எரியாத தொழிலாளி நான்கு நாள் அலுவலகப் படியேறி நிற்க இயலுமா? அவருக்கு முதல் தேவை பாட்டன்று. அவருடன் வந்து விண்ணப்பம் எழுதித் தரும் படித்த இளைஞன் ஒருவன்.

இன்னொன்றும் உண்டு. எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில் 2023 டிசம்பர் 26 இரவு ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி மீனவர் வலையையும் வாழ்வையும் பாழாக்கிற்று. இவ்வாறு பிறர் செயலால் விளைந்த கேட்டுக்கு இழப்பீடு கேட்பதே முறை. உண்டியல் ஏந்துவது முறையன்று. உரிமையாகப் பெறவேண்டியதை உதவியாகப் பெற்றுப் பழகினால், கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் மறந்துவிடுவர். கடமையில்லாத ஏழைத் தொழிலாளியே மீண்டும் மீண்டும் தன் சட்டைப்பையைத் துழாவ நேரும். அரசுத் திட்டம் எட்டாத இடத்தில், மருந்துக்கும் பயணத்துக்கும் தாயின் தங்கும் செலவுக்கும் பொருளின்றித் தவிக்கும் வேளையில் ஊரின் ஈகை வந்து நிற்க வேண்டும். அதுவே அதன் உரிய இடம்.

நாம் செய்யத்தக்கவை

மாணவச் செல்வங்களே! குறை சொல்வதோடு நின்றுவிடுவது கற்றவர்க்கு அழகன்று. கச்சேரி அமைப்போர் உங்கள் தெருவினர், உங்கள் அண்ணன்மார். அவர்களோடு சேர்ந்து சிலவற்றை நீங்கள் செய்யலாம்.

முதலாவதாக, நோயுற்ற குழந்தையின் பெற்றோருடன் மருத்துவமனைக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் சென்று, அரசிடமிருந்து பெறத்தக்கதைப் பெற்றபின் எஞ்சிய தேவை எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவதாக, பள்ளிவாசல் தலைவர், கோயில் அறங்காவலர், பங்குத்தந்தை, மீனவர் பஞ்சாயத்தார், தலைமையாசிரியர் போன்றோருள் ஐவரைக் கொண்ட குழு மருத்துவச் சான்றைப் பார்த்துக் கையொப்பமிடட்டும். அந்த ஐந்து கையொப்பங்கள் மேடையில் இருந்தால் குழந்தை மேடைக்கு வரவேண்டியதில்லை. மூன்றாவதாக, பணம் மருத்துவமனைக்கே நேரே செல்லட்டும். நான்காவதாக, கச்சேரி முடிந்த ஏழு நாள்களுக்குள் வரவும் செலவும் மீதமும் அதே பந்தல் இருந்த இடத்தில் எழுதி ஒட்டப்படட்டும். ஐந்தாவதாக, ஊதியம் பெறாமல் பாட வரும் கலைஞர்களும் பெரும்பாலும் நம்மைப் போன்ற எளியோரே. 2020-இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது மேடையின்றி அவர்கள் வாடியதைக் கண்டோம். அவர்களுக்கு உணவும் வழிச்செலவும் தருவதை எவரும் வீண்செலவு எனக் கருதலாகாது.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வோர் இரவு என்று ஓடுவதைவிட, ஆண்டு முழுவதும் இயங்கும் நிதி ஒன்று இருத்தல் நன்று. நம் மஹல்லாக்களில் பைத்துல்மால் என்னும் பொதுநிதி புதிய சொல்லன்று. நாடார் வணிகர்கள் மகமை என்னும் பெயரில் வணிகத்திலிருந்து சிறு பங்கை ஒதுக்கிப் பள்ளிகளை எழுப்பினர். இல்லத்தரசியர் உலை வைக்குமுன் எடுத்து வைத்த பிடியரிசி எத்தனையோ அறநிலையங்களைக் காத்தது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மதத்தினரும் கூடி நல்லதொரு கச்சேரி நடத்தி அதன் வருவாயை இத்தகைய மருத்துவ நிதியில் சேர்த்தால், அடுத்த நள்ளிரவில் காய்ச்சலோடு வரும் குழந்தைக்குப் பேனர் அச்சிடும்வரை காத்திருக்க வேண்டிய நிலை நேராது. பெயர் தெரியாத குழந்தைகளுக்காகப் பாடும் பாட்டு அன்றும் இனிக்கவே செய்யும்.

அன்றிரவு தாள் ஒன்றை நான்காக மடித்துப் போட்டுச் சென்ற அத்தொழிலாளி எந்த அறநூலையும் கற்றவராகத் தோன்றவில்லை. கற்றவராகிய நமக்கு அவர் செயலே ஒரு நூலாக அமைந்துவிட்டது. அக்குழந்தையோ இன்று புத்தகப் பையோடு பள்ளி செல்கின்றது. அதன் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகளே. அக்குழந்தைக்குப் பெற்றோர் ஆசையாக இட்ட பெயர் ஒன்று உண்டு. அப்பெயரைச் சொல்லி அழைக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலிருந்து நம் ஈகை தொடங்கட்டும்.